ஓரத்தில் நிற்பவர்கள்

கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் கொடி பிடித்து நிற்பது மிக எளிய காரியம் என்று, அதைச் செய்து பாராத எல்லோரையும் போல நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சில வருஷங்களுக்கு முன் வடசென்னையில், புல் என்பது பெயருக்கும் முளைக்காத ஒரு மண் மைதானத்தில், 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் ஆட்டம் ஒன்றைக் காணப் போயிருந்தேன். வரவேண்டிய லைன்ஸ்மேன் வராமற்போகவே, என் தங்கை மகன் ஆடிய அணியின் கோச், சும்மா நின்றவனும் மூக்குக் கண்ணாடி அணிந்தவனுமாகிய என்னைத் தேர்ந்தெடுத்து, சிவப்புத் துணி கட்டிய மூங்கில் குச்சி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். "ஆஃப்சைடு மட்டும் பாருங்க சார், மத்தத ரெஃப்ரி பாத்துப்பாரு" என்பதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி முழுவதும்.

சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு முதல் பாதியிலேயே பிள்ளைகளின் காலடியில் கரைந்துவிட்டபடியால், இரண்டாம் பாதியில் நான் நடந்துகொண்டிருந்தது ஞாபகத்தில் மட்டும் எஞ்சியிருந்த ஒரு கோட்டின்மேல். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில், நடுவிலிருந்து உதைத்துவிட்ட பந்தைத் தொடர்ந்து என் மருமகன், எனக்கு வெகு அருகாகவே, தடுக்க நின்றவனைத் தாண்டி ஓடிக் கோல் போட்டான். குச்சி என் கையில் தாழ்ந்தபடியே இருந்தது. எதிரணிப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்த ஒருவர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: "என்னா சார், உங்க வூட்டுப் பையன் ஓடுனா மட்டும் கொடி தூங்குதா?"

அவர் என் கண்ணைக் குறை சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். கண்ணாடி போட்டவனுக்கு அது பழக்கந்தான். அவர் குறை சொன்னதோ என் அந்தரங்கத்தை. பார்த்ததைப் பார்த்தபடி செய்தவன் மேல் இப்படி ஓர் அபவாதமா என்று உள்ளம் கொதித்தது. அந்தக் கொதிப்பு ஆறியபின் எழுந்த கேள்விதான், பிற்பாடு இந்த விஷயத்தைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் என்னைப் படிக்கச் செய்தது.

தமிழில் ஓரம் என்ற சொல்லுக்கு விளிம்பு என்ற பொருளோடு பட்சபாதம் என்ற பொருளும் நெடுங்காலமாக உண்டு. ஓரம் பேசுகிறான் என்றும் ஓரவஞ்சனை என்றும் இன்றைக்கும் வீட்டில் வழங்குகிறோம். நடுவே நிற்பவன் நடுவன், விலகி விளிம்புக்குப் போனவன் ஓரக்காரன் என்று நின்ற இடத்தைக் கொண்டே நெஞ்சின் நிலையை அளந்த இந்த மொழி, சிறுவர் கால்பந்தை அறியாத காலத்திலேயே அதன் முழு விவகாரத்தையும் இரண்டு சொற்களில் அடக்கி வைத்துவிட்டதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஏனெனில் அந்த ஆட்டத்தில் லைன்ஸ்மேன் நிற்பதும் ஓரம்; கோச் நிற்பதும் ஓரம்; பெற்றோர் நிற்பதும் ஓரம்.

இந்த ஓரத்தில் நிகழக்கூடிய விபரீதத்தின் எல்லை எதுவென்று உலகுக்குக் காட்டிய ஊர் நெதர்லாந்தில் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே, கடலிலிருந்து மீட்டெடுத்த நிலத்தின்மேல், சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் எழும்பிய ஆல்மெரே என்னும் நகரம் அது. 2012 டிசம்பர் 2, ஞாயிற்றுக்கிழமையன்று, அவ்வூரின் கிளப் ஒன்றும் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த கிளப் ஒன்றும் பதினைந்து பதினாறு வயதுப் பையன்களை வைத்து ஓர் ஆட்டம் ஆடின. உள்ளூர் அணிக்காகக் கொடி பிடித்தவர் 41 வயதான ஒரு தகப்பனார். அவருடைய மகன் அந்த அணியில் ஆடிக்கொண்டிருந்தான். சம்பளமோ பதவியோ இல்லை. யாராவது பிடிக்கவேண்டிய கொடியை அவர் பிடித்தார், அவ்வளவே. ஆட்டம் முடிந்ததும் வந்த அணியைச் சேர்ந்த சிறுவர் சிலர் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். எழுந்து நடமாடிய மனிதர், சில மணி நேரத்துக்குப்பின் கிளப்பிலேயே சுருண்டு விழுந்து, மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் துறந்தார்.

நாடே ஸ்தம்பித்தது என்று எழுதினால் வழக்கமான மிகைப்படுத்தலாகத் தோன்றும். அங்கே ஆட்டங்கள் மெய்யாகவே நின்றன. அடுத்த வார இறுதிக்குரிய அமெச்சூர் பந்தயங்கள் அனைத்தையும் டச்சுக் கால்பந்துச் சங்கம் ரத்து செய்தது. ஆயிரக்கணக்கானோர் ஆல்மெரே வீதிகளில் ஒரு கோஷமும் இன்றி மௌனமாக நடந்துபோனார்கள். 2013 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் ஆறு சிறுவர்களையும், அவர்களுள் ஒருவனுடைய தகப்பனையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. சிறுவர்களுக்கு அதிகபட்சமாக 2 ஆண்டுக் காவலும், 50 வயதைக் கடந்த தகப்பனுக்கு 6 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. ஆக, அந்த ஓரத்தில் தகப்பன்மார் இருவர் இருந்தார்கள்; ஒருவர் கையில் கொடி இருந்தது. இடையில், அடித்தவர்களில் பலர் மொராக்கோ வம்சத்தவர் என்பதைப் பற்றிக்கொண்டு, இது கால்பந்தின் வியாதியே அன்று, ஓர் இனத்தின் வியாதி என்று பேசிய அரசியல்வாதியும் அந்நாட்டில் உண்டு. ஒரு சம்பவத்தை அவரவர் நிற்கும் பக்கத்திலிருந்து பார்க்கும் பழக்கம் மைதானத்து வேலியோடு நின்றுவிடுவதில்லை.

கொலைக்கு நியாயம் தேடுவது என் எண்ணமில்லை. அதற்கு முந்திய படியைத்தான் ஆராய விரும்புகிறேன். பெரியவர்களின் பெரிய பந்தயங்களில் நடுவரையும் இரு துணை நடுவர்களையும் சங்கம் அனுப்புகிறது. அவர்களுக்கு அங்கே ஆடும் எவனும் மகனல்லன். சிறுவர் ஆட்டங்களிலோ உலகெங்கும் பணமும் இல்லை, ஆளும் இல்லை. சங்கத்திலிருந்து வந்தால் ஒரு நடுவர் வருவார். பல சமயம் அவரும் உள்ளூர்க் கிளப்பின் தொண்டராகவே இருப்பார். கொடிகள் இரண்டையும் இரு கிளப்புகளும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும். வழக்காடுகிறவனின் அண்ணனையே அமீனாவாக நியமித்துவிட்டு, அவன் ஜப்தி செய்ததில் சூது உண்டா என்று விசாரிக்கும் ஏற்பாடு இது. சந்தேகம் இங்கே மனிதரின் கெட்ட குணத்தால் முளைப்பதற்கு முன்பே அமைப்பால் விதைக்கப்பட்டுவிடுகிறது. கொடி பிடித்த தகப்பன் சரியாகத் தூக்கினாலும் சந்தேகம். தன் மகனுக்கு எதிராகத் தூக்கினாலோ, வீடு திரும்பியபின் அவனுக்கு வேறு விசாரணை.

ஆயினும், ஓரத்தில் நின்று கூவும் தகப்பன் பொய் சொல்கிறான் என்று தீர்ப்பளிக்க நான் தயாராயில்லை. 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரு சர்வகலாசாலைகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டத்தை இதற்குச் சாட்சியாகக் கூப்பிடலாம். அது நம் கால்பந்தன்று. பெயரில் மட்டும் காலை வைத்துக்கொண்டு கையால் ஆடும் அவர்கள் நாட்டு முரட்டு ஆட்டம். ஒரு பக்கத்து நட்சத்திர வீரனுக்கு மூக்கு முறிந்தது. மறுபக்கத்தவன் ஒருவனுக்குக் கால் முறிந்தது. ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற மனோதத்துவ நிபுணர் இருவர் அந்த ஆட்டத்தின் சினிமாப் படத்தை இரு கலாசாலை மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணிக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்கள் என்று டார்ட்மத் மாணவர் எண்ணியதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர் எண்ணினார்கள். படம் ஒன்றே. அவசரமில்லை, எண்ணுவதால் யாருக்கும் லாபமில்லை. 1954-ல் வெளியான அந்த ஆராய்ச்சியை இன்றளவும் எடுத்துச் சொல்வதற்குக் காரணம், ஆட்டம் என்பது மைதானத்தில் ஒன்றாகவும் பார்ப்பவர் தலைக்குள் பலவாகவும் நடக்கிறது என்பதை அது பிரத்யட்சமாகக் காட்டியதுதான். அபிமானம் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து அபிப்பிராயத்தைத் திருத்துகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கண்ணுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது.

கூவுகிறவனுக்கு இவ்வளவு சலுகை கொடுத்தால், விசில் வைத்திருப்பவனையும் விசாரிக்கத்தான் வேண்டும். அங்கே கிடைக்கும் விடைகள் பெற்றோர் சந்தேகிப்பதைவிட விசித்திரமானவை. மேற்கூறிய டச்சு தேசத்திலேயே, ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர் சிலர் 2000-ம் ஆண்டில் நேச்சர் பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். லைன்ஸ்மேன் ஆஃப்சைடைத் தவறாகச் சொல்வதற்குக் காரணம் கவனக்குறைவோ கள்ளமோ ஆகவேண்டியதில்லை, அவன் நிற்கும் இடமே போதும் என்பது அதன் சாரம். ஆஃப்சைடு பார்ப்பவன் கடைசிக்கு முந்தைய எதிராளிக்கு நேர்கோட்டில் நிற்கவேண்டும். ஓட்டத்தில் அவன் ஓர் அடி கோல்பக்கமாக முந்திவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவன் பார்வை சாய்ந்து செல்கிறது. தடுப்பவனுக்கு அப்பால், மைதானத்தின் தூரப் பக்கத்தில், சரிசமமாக நிற்கும் பையன் முன்னே நிற்பதாகத் தோன்றுவான். இப்பால், கொடிக்கு அருகே, மெய்யாகவே முந்தி நிற்பவனோ சமமாக நிற்பதாகத் தோன்றுவான். பெயிண்ட் அடித்த புல்தரையில் தேர்ந்த நடுவருக்கே இந்தக் கதி என்றால், அழிந்த சுண்ணாம்புக் கோட்டின்மேல் மூங்கில் குச்சியோடு தடுமாறுகிறவனின் கதியைச் சொல்லவேண்டியதில்லை.

உயரத்தின் கதை இன்னும் வேடிக்கை. ராட்டர்டாமைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இருவர் மோதி யார் பேரில் குற்றம் என்று தெளிவில்லாதபோது, நெட்டையன் இடித்தவன் என்றும் குட்டையன் இடிபட்டவன் என்றும் நினைக்கும் சாய்வு மனிதருக்கு இருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டவை உலகக் கோப்பை, ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் போன்ற வயதுவந்தவர் ஆட்டங்கள். அங்கே உயர வித்தியாசம் சில அங்குலந்தான். பதின்மூன்று வயதுக்குட்பட்ட ஆட்டம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். அவன் தோளுக்கும் எட்டாத இன்னொருவனுக்குக் குரல்கூட உடைந்திருக்காது. பந்தைக் குறிவைத்துச் சுத்தமாகக் காலை நீட்டிய அந்தப் பெரிய பையன் மேல் சிறியவன் மோதி உருண்டால், விசில் எந்தப் பக்கம் ஊதும் என்று தீர்மானிக்க விதிப் புத்தகம் வேண்டியதில்லை. சீக்கிரம் வளர்ந்துவிட்ட குற்றத்துக்காக ஒவ்வொரு வாரமும் ஃபவுல் வாங்குகிற பையன்களின் தாய்மார் நடுவரை நொந்துகொள்வதில் நியாயம் உண்டு. அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று சேர்த்துக்கொள்ளும் அந்த ஒரு சொல்லில்தான் நியாயம் தவறிப்போகிறது.

கூச்சலின் பலத்தைப்பற்றிய ஆராய்ச்சி பெயர் பெற்றது. லிவர்பூலுக்கும் லெஸ்டர் சிட்டிக்கும் நடந்த ஓர் ஆட்டத்தின் படத்தைத் தகுதி பெற்ற நடுவர் 40 பேருக்குக் காட்டினார்கள்; ஒரு சாராருக்கு ஜனங்களின் இரைச்சலோடும், மற்றவர்க்கு இரைச்சலை அணைத்துவிட்டும். இரைச்சலைக் கேட்டவர்கள் சொந்த மைதானத்து அணிக்கு எதிராகச் சொன்ன ஃபவுல்கள் மற்றவர்கள் சொன்னதைவிட 15.5 சதவீதம் குறைந்திருந்தன. இது 2002-ல் வந்தது. அந்த நடுவர்களை யாரும் மிரட்டவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து வந்த சப்தம் மட்டுமே. ஆகையால் ஓரத்தில் நின்று கத்தும் பெற்றோர்க்கு ஒரு ரகசியம் தெரிந்திருக்கிறது என்றே சொல்லவேண்டும்: கத்துவது பலிக்கிறது. நடுவர் ஓரஞ்சாய்கிறார் என்று கத்திக் கத்தியே அவரைத் தம் ஓரத்துக்குச் சாய்த்துக்கொள்ளலாம்.

இவையெல்லாவற்றினும் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொன்று. ஜெர்மனியில் பிளெஸ்னர், பெட்ஷ் என்பவர்கள் 2001-ல் கண்டது: ஓர் அணிக்கு ஒரு பெனால்டி கொடுத்துவிட்ட நடுவர், அதே அணிக்கு மறுமுறை கொடுக்கத் தயங்குகிறார், எதிரணிக்குக் கொடுக்கவோ முன்னைவிட எளிதில் முற்படுகிறார். இங்கே அவரைச் சாய்ப்பது அபிமானமோ விரோதமோ அன்று, நியாயவானாகத் தோன்றவேண்டும் என்ற ஆசை! தராசு சாய்ந்துவிட்டதோ என்ற பயத்தில் விரலால் மறுதட்டை அமுக்கும் வியாபாரி, தன் மனத்தளவில் பரம யோக்கியன். பட்சபாதம் என்று பழி கேட்டுக் கேட்டுப் பயந்த நடுவரிடம் பிறக்கும் பட்சபாதம் இதுவே.

விதிகளைப்பற்றிய அஞ்ஞானத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். த்ரோ-இன்னிலிருந்து நேராகப் பந்தைப் பெறுகிறவனுக்கு ஆஃப்சைடு கிடையாது. கார்னருக்கும் கோல் கிக்குக்கும் அப்படியே. தன் பாதி மைதானத்துக்குள் நிற்பவனுக்கும் இல்லை. பந்தை முதலில் தொட்டுவிட்டால் பிறகு ஆளை எப்படி வீழ்த்தினாலும் குற்றமில்லை என்று விதி எங்கும் சொல்லவில்லை. கையில் பந்து பட்டதெல்லாம் ஹேண்ட்பாலும் அன்று. இவற்றை அறியாதவர் எழுப்பும் கூக்குரலில் பாதி நடுவரைச் சேராது. ஆல்மெரே சம்பவத்துக்குப் பின் டச்சுக்காரர் இதைக் கண்டுகொண்டு, அந்த வயதுப் பையன்கள் ஆட்ட விதிகளில் ஒரு பரீட்சை தேறவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். பெற்றோருக்கும் ஒரு பரீட்சை வைத்திருக்கலாம்.

பரிகாரங்கள் பல தேசங்களில் பலவிதம். அமெரிக்காவின் ஒஹையோவில் 1999-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பெற்றோரும் கோச்சுகளும் வாயைத் திறக்கலாகாது என்று வைத்துப் பார்த்தார்கள். இத்தகைய மௌன விரத நாட்களில் சில கிளப்புகள் வாய்க்கு வேலை கொடுக்கப் பெரியவர்களுக்கு லாலிபாப் விநியோகித்ததும் உண்டு. இங்கிலாந்தில் 14 வயதிலேயே நடுவராகப் பயிற்சி பெறலாம். சிறு பிள்ளைகளின் ஆட்டத்தில் விசிலோடு நிற்பதும் பல சமயம் ஒரு சிறு பிள்ளையே. அவனைப் பார்த்து மூன்று மடங்கு வயதுள்ள மனிதர் உறுமுவது அங்கே ஒவ்வொரு வாரமும் நடக்கும் காட்சி. 2008 முதல் அங்கே மரியாதை இயக்கம் என்ற பெயரில் பெற்றோரை ஒரு நாடாவுக்குப் பின்னால் நிறுத்துகிறார்கள்; 2019-லிருந்து அடிமட்ட ஆட்டங்களில் நடுவரை எதிர்த்துப் பேசுகிறவனைப் பத்து நிமிஷம் வெளியே உட்காரவைக்கிறார்கள்; 2023-ல் வயதுவந்தோர் ஆட்டங்களில் சில நடுவரின் மார்பில் காமிராவே கட்டிப் பார்த்தார்கள். சர்வதேசச் சம்மேளனமோ 2024-ல் ஜூரிக்கில் ஓர் இளைஞர் பந்தயத்தில் தொடங்கி, கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பைக்கும், கோச் ஒரு சீட்டை நீட்டி ஆட்டத்துக்கு இரண்டு முறை மறுபரிசீலனை கோரும் முறையைக் கொண்டுபோயிற்று. சந்தேகத்தைக் கத்துவதற்குப் பதிலாக மனுவாகக் கொடுக்கலாம் என்ற வகையில் இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் காமிராவுக்கும் ஒரு கோணம் உண்டு; மண் மைதானத்துக்குக் காமிராவே வராது என்பது வேறு விஷயம்.

எனக்கு மிகவும் உவப்பானது டச்சுக்காரர் 2017-ல் மழலை ஆட்டக்காரர்களுக்குச் செய்த மாறுதல். பத்து வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் விசில் ஊதும் நடுவரை மைதானத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆட்டத்துணைவர் என்ற பெயரில் ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்று, தேவைப்பட்டால் மட்டும் ஒரு வார்த்தை சொல்கிறார். ஃபவுலா இல்லையா என்பதைப் பெரும்பாலும் குழந்தைகளே தீர்த்துக்கொள்கிறார்கள். யார் முதலிடம் என்ற பட்டியலும் எழுதப்படுவதில்லை. இதைக் கேட்டு, நம் தெருவில் மூன்று செங்கல் வைத்து ஆடிய காலத்தில் யார் நடுவராக இருந்தார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. சண்டை இருந்தது, அரைமணி நேரம் பேசாமல் இருந்ததும் உண்டு; பந்து யாருடையதோ அவன் வார்த்தைக்குக் கொஞ்சம் கனமும் உண்டு. ஆனால் ரெஃப்ரி ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் வந்து அழுததாக நினைவில்லை.

மெய்யான ஓரவஞ்சனையே இல்லை என்று இதனால் யாரும் கொள்ளக்கூடாது. தெரிந்த கிளப்புக்குச் சலுகை காட்டும் நடுவரும், பையனின் நிறத்தையோ அவன் வரும் பேட்டையையோ பார்த்து மஞ்சள் அட்டையை எடுப்பவரும் இருக்கத்தான் செய்கிறார்கள். அப்படிப்பட்டவரைக் கண்டால் ஆட்டம் முடிந்தபின் எழுத்துமூலம் புகார் செய்யவேண்டியது கிளப்பின் கடமை. அந்த உண்மையான புகார், வாரந்தோறும் எழும் ஆயிரம் பொய்க் கூச்சலுக்கிடையே கேட்காமற் போவதுதான் என் வருத்தம்.

என் சொந்த வழக்கைத் தீர்க்காமல் விட்டுவிட்டேன். அன்று ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்த மருமகன், முதுகுக்குப் பின்னாலிருந்து சாவதானமாகச் சொன்னான்: "மாமா, அது ஆஃப்சைடுதான். நான் அவனுக்கு முன்னாடி நின்னேன். நீங்க ஏன் கொடி தூக்கல?" எனக்கு அப்படித் தெரியவில்லையடா என்றேன். அது சத்தியம். வெகுநாள் கழித்து ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியைப் படித்தபோது, கொடிக்கு அருகே ஓடுகிறவன் பின்தங்கி நிற்பதாகத் தோன்றுவான் என்ற இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, கைலி கட்டிய அந்த மனிதரின் முகவரி தெரிந்தால் இந்தப் பக்கத்தை வெட்டி அனுப்பலாமே என்றுகூட எண்ணினேன். நான் கோட்டை விட்டு ஓர் அடி முந்தி நின்றிருக்கிறேன். கண் செய்த பிழை அது, மனம் செய்ததன்று.

ஆனால் அந்த ஓர் அடியை நான் எப்போது எடுத்துவைத்தேன் என்று நினைத்துப் பார்த்தால், பந்து இன்னும் நடுவிலிருந்து கிளம்பவில்லை. அவன் ஓடப்போகிறான் என்று அவன் தோளைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அவனோடுகூட என் கால்களும் ஓடத் தொடங்கியிருந்தன.